சின்னக் காயம் போதும்: கால்நடைத் துறைக்கு ஒரு மடல்

நீலகிரி மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன ஐப்பசியில் எங்கள் செம்பிக்கு ஒரு முகாமில் குடும்பக் கட்டுப்பாடு செய்தார்கள். (எங்கள் லைனில் அப்படித்தான் சொல்வோம். நாய்க்கு ஏது குடும்பம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.) அடிவயிற்றின் நடுவே ஒரு விரல் நீளத்துக்குத் தையல். "பத்து நாள் நனையாமப் பாத்துக்கோங்கம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கூடலூருக்கு ஆடி என்றால் எங்களுக்கு ஐப்பசி. அப்படி ஊற்றும். ஒற்றை அறை வீட்டில் அடுப்போரம் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். நாலாம் நாள் நான் கதவைத் திறந்த நேரம் பார்த்துத் தேயிலைக்குள் ஓடி, சேற்றில் வயிற்றை இழைத்துக்கொண்டு திரும்பினாள். தையல் பிரிந்து சீழ் வைத்தது. மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல், எனக்கு மூன்று நாள் கூலி போயிற்று. டாக்டரைக் குறை சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய காயத்தை ஆற்றும் இடம் எங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

அதே ஆப்பரேஷனை நாய்க்கும் லேப்ராஸ்கோபியில் செய்யலாம். எங்கள் லைன் பெண்களுக்கு அந்தப் பேர் புதிதல்ல, பலர் தங்களுக்கே செய்துகொண்டவர்கள். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு மூன்று துளை. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி, கேமராவில் பார்த்தபடியே இரத்தக் குழாயை மின்சூட்டில் அடைத்து, சினைப்பையை வெட்டி எடுக்கிறார்கள். நாயின் சினைப்பையைச் சிறுநீரகத்தின் அருகே கெட்டியான ஒரு நார் பிடித்திருக்கும். வயிற்றைத் திறந்து செய்யும்போது அந்த நாரை இழுத்துத் தளர்த்தினால்தான் சினைப்பை வெளியே வரும். வலிக்கு அந்த இழுப்பும் ஒரு காரணம். துளைவழிச் சிகிச்சையில் அது இல்லை. ஆரோக்கியமான இளம் நாய்க்குச் சினைப்பைகளை மட்டும் எடுத்தாலே போதும், கருப்பையைத் தொட வேண்டியதில்லை.

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 கிலோவுக்குக் குறைந்த நாய்களின் கழுத்தில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகான இரண்டு நாளில், வயிறு திறந்த நாய்களின் நடமாட்டம் 62 சதவீதம் குறைந்தது. துளைவழி செய்தவற்றுக்கு 25 சதவீதம்தான். இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம்: செம்பிக்கு அப்படிச் செய்திருந்தால் இன்னும் சீக்கிரம் ஓடியிருப்பாளே! ஓடியிருப்பாள். ஆனால் பிரிவதற்கு நீளத் தையல் இருந்திருக்காது.

கருவிக்கு ஆகும் செலவு தெரியாமல் கேட்கவில்லை. வாயு நெஞ்சுக்கூட்டை அழுத்துவதால் மூச்சுக்குழாயில் குழாய் போட்டு மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும். கை பழகும் வரை டாக்டருக்கு நேரமும் கூடப் பிடிக்கும். இரத்தம் கசிந்தால் அந்த இடத்திலேயே வயிற்றைத் திறக்கத் தயாராக இருக்க வேண்டும். அதனால் தெருநாய்களுக்கெல்லாம் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு வலது விலாவின் பின்னால் சிறு கீறல் போட்டுச் செய்யும் முறை இருக்கிறது. ஊட்டியிலேயே டபிள்யூ.வி.எஸ். (வேர்ல்ட்வைடு வெட்டரினரி சர்வீஸ்) என்ற தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் கால்நடை டாக்டர்களுக்குத் தெருநாய்க் கருத்தடையில் பயிற்சி தருகிறார்கள். விலாவில் இருப்பதால் குடலின் பாரம் தையல்மேல் விழாது, காயத்தைத் தூரத்தில் நின்றே பார்த்துவிடலாம். 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஆப்பரேஷன் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எங்கள் பக்கம் அந்த இடத்தில் சிறுத்தையும் இருக்கிறது. தளர்ந்து நடக்கும் நாயை அது விட்டுவைக்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஊட்டியிலோ குன்னூரிலோ ஓர் அரசு கால்நடை மருத்துவமனையில் ஒரே ஒரு லேப்ராஸ்கோப்பி செட். இரண்டு டாக்டர்களுக்குப் பயிற்சி. வளர்ப்பு நாய்களுக்கு மாதத்தில் இரண்டு நாள், தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு. முகாம் போடுவதானால் தை, மாசியில் போடுங்கள். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் தயவுசெய்து வேண்டாம்.

செம்பியின் மகள் பக்கத்து லைனில் இருக்கிறாள். ஒருமுறை ஆறு குட்டி போட்டாயிற்று, மிஞ்சியது இரண்டு. அடுத்த பருவம் வருமுன் தேதி தெரிந்தால் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
செம்பி வீட்டுக்காரி