இங்கே பருப்புக்கீரை களை

சலினாஸ், கலிபோர்னியா
செப்டம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? போனில் "கீரையைப் பச்சையாகவா தின்கிறார்கள், அதற்கு ஒரு கம்பெனி வேறயா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், பச்சையாகத்தான். முளைக்கீரை அளவுக்குக்கூட வளர விடுவதில்லை, விரல் நீளத்திலேயே அறுத்துவிடுகிறார்கள். பச்சையும் சிவப்புமாக லெட்டூஸ் என்ற சாலட் கீரையில் நாலைந்து வகை, ஸ்பினாச், பீட்ரூட் இலை, கடுகு இலை, காரமாக அருகுலா என்று ஒன்று. இதெல்லாம் கலந்து 142 கிராம் டப்பா கடையில் நாலு டாலர் போல. ரூபாயில் கணக்குப் போட்டு அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கலவை என்றாலும் சேர்த்து விதைப்பதில்லை. ஒன்று முந்தி வரும், ஒன்று பிந்தி வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி வயல். மேட்டுப்பாத்தி 80 அங்குல அகலம், மேல்பக்கம் ஒரே மட்டம். ஸ்பினாச் கோடையில் 25, 30 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். விடியற்காலைக் குளிரில் ஒரு வண்டி பாத்தி மேலே ஊர்ந்து போகும். அதன் முன்னால் ரம்பப் பட்டை ஒன்று தரையை ஒட்டி ஓடும். அறுபட்ட இலை பெல்ட்டில் ஏறிப் பின்னால் நிற்பவர்களிடம் வந்து பெட்டியில் விழும். அரிவாளுக்கு வேலையே இல்லை. பிறகு பெட்டிகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளிக் காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். இலையின் ஈரம் கொஞ்சம் ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அரைமணி நேரத்தில் கீரை ஐஸ் மாதிரி ஆகிவிடும். கழுவுவதும் கலப்பதும் அப்புறம்தான், எங்கள் ஆலையில்.

இந்தக் கலவை இந்த ஊர்ச் சரக்கு இல்லை. பிரான்ஸின் தெற்குக் கடலோரம் நீஸ் என்ற ஊர்ப் பக்கத்துக் குடியானவர்களின் வழக்கம். மெஸ்க்லன் என்பார்கள். இதே கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் 1971-இல் சாப்பாட்டுக் கடை திறந்த ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மாள், நீஸிலிருந்து விதை கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் போட்டார். அப்புறம் இங்கே பக்கத்துக் கார்மல் பள்ளத்தாக்கில், 1984-இல் ட்ரூ குட்மேன், மைரா குட்மேன் என்ற ஜோடி இரண்டரை ஏக்கரில் விவசாயம் தொடங்கினார்கள். இளங்கீரையை வாங்கிக்கொண்டிருந்த ஹோட்டல் சமையல்காரர் மாறிப்போக, சரக்கு தேங்கிவிட்டது. கழுவிப் பையில் போட்டுக் கடைக்குக் கொடுத்தார்கள். அது 1986. சரக்கு தேங்கினால் மாட்டுக்குப் போடுவோம் நாம். இவர்கள் ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டார்கள்.

என் வேலை ஆலைக்குள். ஜூலையிலும் கம்பளி ஜாக்கெட்டோடுதான் நிற்க வேண்டும், அவ்வளவு குளிர். பெல்ட்டில் ஓடும் இலைகளில் ஆகாததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆகாதது என்றால் என்ன தெரியுமா? நம் பருப்புக்கீரை! சிவந்த தண்டு, கொழுகொழு இலை, பார்த்தவுடனே தெரிந்துவிடும். இந்த வயல்களில் அது பெரிய களை. முளைக்கீரையின் பங்காளி ஒன்றும் அப்படியே. இயந்திரம் எதையும் பார்க்காமல் அறுப்பதால், அறுப்புக்கு முன் ஆள் வைத்துக் களை எடுக்கிறார்கள். தப்பி வந்ததை நான் எடுத்துக் குப்பையில் போடுகிறேன். கை கூசத்தான் செய்கிறது. இத்தனைக்கும் நீஸ் பக்கம் சிலர் பருப்புக்கீரையையும் கலவையில் சேர்ப்பது உண்டு.

என் பக்கத்தில் நிற்கும் அக்கா மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்துக்காரர். வீட்டில் மிஷ்டெக் என்ற பழங்குடி மொழி பேசுகிறவர், ஸ்பானிஷே அவருக்கு இரண்டாம் மொழி. அவர் ஊரிலும் இந்த இரண்டு கீரையையும் சமைப்பார்கள். பருப்புக்கீரையைப் பன்றிக்கறியோடு சேர்த்துக் கொதிக்கவிடுவார்களாம். தன் வீட்டு வாசலில் முளைத்ததில் எனக்கும் ஒரு கை கொண்டுவந்து கொடுத்தார். துவரம்பருப்போடு கடைந்தேன். புளிப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் நம் கீரையேதான்.

சுத்தம் விஷயத்தில் கெடுபிடி அதிகம். 2006-இல் பையில் வந்த ஸ்பினாச்சில் ஈ.கோலை கிருமி கலந்து, 200 பேர் போல நோயில் விழுந்தார்கள், 3 பேர் செத்தே போனார்கள். இப்போது வயலில் காட்டுப்பன்றித் தடம், சாணி தெரிந்தால் அந்த இடத்தைச் சுற்றி விட்டுவிட்டுத்தான் அறுக்கிறார்கள். சமைக்காமல் தின்கிற பொருள் ஆயிற்றே. எனக்கென்னவோ தாளித்தால்தான் கீரை.

தண்ணீர் இங்கேயும் நிலத்தடிதான். கடல் பக்கம் உப்புநீர் உள்ளே ஏறுகிறது என்ற கவலையும் உண்டு.

நவம்பரில் இங்கே அறுப்பு நிற்கும். அரிசோனாவில் சுமார் 900 கிலோமீட்டர் தள்ளி யூமா என்ற பாலைவன ஊர். கொலராடோ ஆற்றுத் தண்ணீரில் குளிர்காலக் கீரை பெரும்பாலும் அங்கேதான். ஆலை இயந்திரங்களையே லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள், கூடவே எங்களையும். முகவரியைப் போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறேன்.

லெட்டூஸ் விதை கேட்டீர்கள். வேண்டாம் அப்பா. நம் வெயிலுக்குத் தண்டு விட்டுப் பூத்துக் கசந்துவிடும். கொடைக்கானல்காரர்கள் போடட்டும். பணம் போட்டிருக்கிறேன், போர் மோட்டாரைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள். பழையதற்கு மறுபடி காயில் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்