மூன்றாம் நம்பர் ராடு

மண்டபம்,
ஆடி 12

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, எடைக்குப் போட்டுடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

அய்யாவின் அம்பாசடர் எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம் நடக்கும்போது எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது, உனக்கே தெரியும். படகு எஞ்சின் எல்லாம் அப்போதுதான் பட்டறைக்கு வரும். ஜூன் பாதியில் விசைப்படகுகள் கடலுக்கு இறங்கிய பிறகு கை சும்மா இருந்தது. கச்சான் காற்று வேறு தகரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தது. வேப்பமரக் கிளையில் செயின் பிளாக்கை மாட்டி, பட்டறைப் பையனும் நானுமாக ஒரு காலையில் இறக்கிவிட்டோம்.

பிரிப்பதற்குத்தான் 9 நாள் ஆனது. அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் நட்டைத் திறந்ததும் முதலில் துருத்தண்ணீர் வந்தது, பின்னால்தான் பால் கலந்த காப்பி மாதிரி ஆயில். சைலன்சர் பக்கத்து மேனிபோல்டு நட்டுகள் உப்புக்காற்றில் உருண்டையாகிப் போயிருந்தன. ஸ்பானர் வைத்து முறுக்கினால் ஸ்டட் முறிந்துவிடும். நட்டைச் சூடாக்கி மெழுகுவர்த்தியைத் தொட்டு வைத்தேன். உருகின மெழுகு மரைக்குள் இறங்கிவிட்டது. அரைத் திருகு முன்னே, கால் திருகு பின்னே என்று கெஞ்சிக் கெஞ்சிக் கழற்றினேன். ஒரு ஸ்டட்தான் போனது. அதைப் பையன் கணக்கில் எழுதிவிட்டேன், பாவம்.

ராக்கரைத் தள்ளும் 8 புஷ் ராடுகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் துளை போட்டு, நம்பர் எழுதி வரிசையாகச் செருகி வைத்திருக்கிறேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, அதன் கேப் எல்லாவற்றிலும் சென்டர் பஞ்சால் புள்ளி. ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகின சாமான்கள், இடம் மாறினால் அதற்கு மதிப்பே இல்லை. நீ அங்கே கம்ப்யூட்டரில் செய்வதை நான் அட்டைப்பெட்டியில் செய்கிறேன், அவ்வளவுதான்.

கழுவுவதில் ஒரு சண்டை. நம் வீட்டுப் போர்த் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசினதாகிவிடும். அம்மா பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரில் 4 குடம் எடுத்துவிட்டேன். "குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துற மனுசன நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் ஆயில் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தாயிற்று.

சரி, எது தேறியது என்று சொல்கிறேன். சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட் தேறிவிட்டது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கின எண்ணெய் ஊறி வந்து பொடியில் கோடு காட்டும். வால்வு ஓரங்களில்தான் பயந்தேன், கோடே இல்லை. எஸ்யூ கார்புரேட்டரில் பித்தளை ஜெட் பச்சை பிடித்திருந்தது, பிஸ்டன் மட்டும் சுகமாக ஏறி இறங்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டர், ராக்கர் ஷாப்ட், பிளைவீல், ஸ்டார்ட்டர் எல்லாம் நல்ல நிலை.

பெரிய சொத்து கிராங்க் ஷாப்ட்தான். அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். கணீரென்றது. அந்த ஒலி அடங்கவே சற்று நேரமாயிற்று. விரிசல் விட்டிருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல 'டொக்' என்று நின்றிருக்கும். ராடு மாட்டுகிற மூன்றாம் பின்னில் மட்டும் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல். கிரைண்டிங் போட்டு அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வைத்தால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். இந்த 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தில் 1955-ல் எம்ஜிஏ என்கிற ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்ததாம். அதை ஓட்டினவர்களுக்குத் தெரியுமா, அதே ஜாதி எஞ்சின் இராமேஸ்வரத்துக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனது என்று? அய்யா 1974-ல் வண்டி வாங்கினார். 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்ததும் வாடகைக்கு அக்கரை வரை போனார். அதுவரை மண்டபத்தோடு திரும்பிய வண்டி அது. பாலத்தின் உச்சியில் வேகத்தைக் குறைத்துக் கீழே ரயில் பாலத்தைக் காட்டுவார், கூலி கேட்காமல்.

தேறாதது சிலிண்டர்கள் இருக்கும் பிளாக். பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டை நான் நம்ப மாட்டேன். மெயின் கேப்புகளும் பிளாக்கோடு சேர்த்துக் குடைந்தவை, தனியாக யாருக்கும் உதவாது. அதெல்லாம் எடைக்கு. எஞ்சின் நம்பர் தகட்டை மட்டும் கழற்றி ஆர்சி புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அது யார் கைக்கும் போகக் கூடாது.

இனிமேல்தான் விஷயம்.

அந்தப் பொங்கல் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பின அன்று, உச்சிப்புளி தாண்டி எஞ்சின் 'தடார்' என்று வெடித்து நின்றதே. பெட்டியோடு உன்னை ஒரு மீன் வண்டியில் ஏற்றிவிட்டு நான் ரோட்டில் நின்றேன். "வயசாயிடுச்சுப்பா, விட்டுடுங்க" என்றாய். நானும் தலையாட்டினேன். வயசு இல்லை தாயி.

அதற்கு முந்தின டிசம்பர், 2020, புரெவிப் புயல் நம் கரையைத் தாண்டாமல் கடலிலேயே நின்று கொட்டினது நினைவிருக்கும். ஒரு படகுக்காரர் அவசரமாகக் கூப்பிட்டார் என்று ரோட்டில் ஓடின தண்ணீருக்குள் வண்டியை விட்டேன். பாதியில் ஏர் கிளீனர் வழியாகத் தண்ணீரைக் குடித்து எஞ்சின் அப்படியே இறுகி நின்றது. பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சியடித்து, காயவைத்து மறுநாள் ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. மூன்றாம் சிலிண்டரில் ஒரு மெல்லிய தட்டல் மட்டும் இருந்தது. வேறு யாராவது வண்டியைக் கொண்டு வந்திருந்தால் ஹெட்டைத் தூக்காமல் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன். என் வண்டிக்கு மட்டும், பொங்கல் முடியட்டும் என்று விட்டேன். உன்னை அய்யா வண்டியில்தான் ரயிலேற்ற வேண்டும் என்று ஒரு ஆசை.

இப்போது ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் எழுதி வைத்ததுபோல இருக்கிறது. 1, 2, 4 சிலிண்டர்களின் மேல் விளிம்பில் கரி வளையம் ஒரே அகலம். மூன்றாவதில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே இறங்கியிருக்கிறது. நீ எஞ்சின் டெஸ்டிங்கில் இருக்கிறவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீரை அமுக்க முடியாமல் ராடு வளைந்து குட்டையாகிவிட்டது. அதோடு ஒரு மாதம் ஓட்டினேன். உன்னையும் ஏற்றிக்கொண்டு. உச்சிப்புளியில் அந்த ராடு முறிந்துதான் பிளாக்கைக் குத்தியது.

காரைக்குடிப் பக்கத்தில் பழைய கார் வைத்திருக்கும் ஒருவர் ஹெட்டும் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பெட்டியில் துருப்பிடிப்பதற்கு ஓடுகிற வண்டியில் இருக்கட்டும். கிராங்க் கொடுக்க மனமில்லை. நீ வந்து பார்த்துச் சொல். வரும்போது 25-50 மில்லிமீட்டர் மைக்ரோமீட்டர் ஒன்று கொண்டு வா, என்னுடையது கீழே விழுந்து புளுகுகிறது.

முறிந்த ராடு சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் துணி சுற்றி இருக்கிறது. என்னவென்று அம்மா கேட்டாள். படகுச் சாமான் என்று சொல்லியிருக்கிறேன். வண்டி வயசாகித்தான் நின்றது என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீயாக எதுவும் சொல்லாதே, குடத்துத் தண்ணீர்க் கோபமே இன்னும் ஆறவில்லை.

அன்புடன்,
அப்பா