பெட்டியில் 50 வாட்ஸ், காரில் 20

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கார்களில் பாட்டு செட் மாட்டிய சில மாதத்திலேயே ஸ்பீக்கர் எரிந்துபோவது சகஜமாகிவிட்டது. "வாட்ஸ் பத்தலை, பெருசா போடுங்க" என்று அடுத்த ஜோடியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு ஸ்பீக்கர் மேல் இல்லை.

செட்டின் பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று இருக்கும். வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது கணக்குப்படியே 26 வாட்ஸ்தான். நடைமுறையில் 18, 20. செட் அனுப்பும் மின் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுரமானால்தான் அந்த 50 வரும். அப்போது பாட்டின் தெளிவு போய், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலில் சூடு ஏறும். முதலில் போவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர். பெங்களூரு சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு வால்யூமைக் கடைசிவரை திருகுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். வால்யூமின் உச்சம் 40 என்றால் 30-ல் நிறுத்துங்கள். பேஸ் பூஸ்ட் ஏற்றியிருந்தால் அதற்கும் முன்பே வெட்டத் தொடங்கிவிடும்.

தனி ஆம்ப் (சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்) போட்டவர்கள் கெயின் குமிழை இன்னொரு வால்யூம் என்று நினைக்கிறார்கள். செட்டின் சிக்னலுக்கு ஆம்பை ஒத்துப்போக வைப்பதுதான் அதன் வேலை. ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டில் எதன் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் (உச்ச அளவல்ல, தொடர்ந்து தாங்கும் அல்லது தரும் அளவு) குறைவோ அதை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். கெயினை நிறுத்த வேண்டிய வோல்ட் அதுதான்; 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமமாக்கி, பூஸ்ட், ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்து, செட்டை 30-ல் வைத்து 100 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரான சோதனை ஒலி) ஓடவிடுங்கள். ஆம்ப் முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் பிடித்து, 17.3 காட்டும்வரை கெயினை மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். சிலர் 1,000 ஹெர்ட்ஸ் டோன் போடுவார்கள்; மலிவு மீட்டர்கள் அதில் குறைத்துக் காட்டலாம், கெயின் எக்குத்தப்பாக ஏறிவிடும்.

பிறகு, குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் ஃபில்டரை மறக்காமல் போடுங்கள். கதவிலுள்ள ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ், 4 அங்குலத்துக்கு 120. அதற்குக் கீழுள்ள பேஸை, தனியாக மாட்டிய பெரிய வூஃபர் இருந்தால், அது பார்த்துக்கொள்ளும்.

ஆம்பை வண்டியின் தகரத்தோடு இணைக்கும் எர்த் ஒயரில்தான் சோம்பல் அதிகம். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். தகரம் பளபளக்கச் சுரண்டி, 45 சென்டிமீட்டருக்குள் ஒயரை முடிக்க வேண்டும். பெயின்ட் மேல் எர்த், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் இரண்டுமே ஆம்புக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும். வோல்ட் குறைந்தால் அலை சீக்கிரமே வெட்டும்.

அக்னி நட்சத்திர வெயிலில் நின்ற வண்டியை எடுத்தவுடன் முழுச் சத்தம் வேண்டாம். கொதிக்கும் காற்றில் காயிலின் சூடு இறங்காது. உள்ளே கொஞ்சம் குளிரட்டும்.

விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியில் அச்சடித்த எண்ணை விடுங்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு, கெயினை எத்தனை வோல்ட்டில் நிறுத்தினீர்கள் என்ற இரண்டையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கார் எலெக்ட்ரிக் வேலை பார்ப்போர் சிலர்,
காட்பாடி.