கூடாரத்தை அனுப்பிவிட்டேன்

கண்ணா,

கூடாரத்தை நேற்று பார்சலில் போட்டுவிட்டேன். மூன்று மாதமாக "தேடுகிறேன்" என்று சொன்னது பொய். கராஜில் கண்ணெதிரேதான் இருந்தது. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு நீ யாரோடு போகிறாய் என்று தெரிந்த பிறகு எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

நீ எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் என் கோபம் ஆறிவிடும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். இதைப் படிக்கும் நம் வீட்டு மற்றவர்கள் வேகமாகப் படித்துவிடுவார்கள். அதனால் அந்த வருடம் நம் வீட்டில் நடந்ததைப் பற்றி இங்கே ஒரு வரிகூட இருக்காது.

நாம் இரண்டு பேரும் யோசெமிட்டி போயிருந்தபோது, அந்த இரண்டாம் நாள் இரவு. பகலில் வெர்னல் அருவியின் உச்சி வரை போய் வந்திருந்தோம். 600-க்கும் மேல் கருங்கல் படிகள், அருவிச் சாரலில் தொப்பலாக நனைந்து. ஒன்பது வயதில் ஒருமுறைகூட நீ 'கால் வலிக்குதும்மா' என்று சொல்லவில்லை. கூடாரம் போட்டிருந்த அப்பர் பைன்ஸ் முகாமுக்குத் திரும்பியதும் சாப்பாடு, சோப்பு, பற்பசை, உன் காலி டிபன் டப்பா எல்லாவற்றையும் கரடிக்காக வைத்திருக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வாசனை பிடித்தால் கரடி கார் கதவையே பிய்த்துவிடும். தனியாக ஒரு பிள்ளையோடு வந்தவள், எனக்குத் தூக்கமே வரவில்லை.

நடுராத்திரி வெல்ல வாசனை. உன் ஸ்லீப்பிங் பேக்கின் அடியில், பாட்டி கொண்டுவந்த கோவில்பட்டி கடலை மிட்டாய் மூன்று, டிஷ்யூவில் சுற்றி.

"எதுக்குடா?"

"அப்பாவுக்கு."

அடித்துவிட்டேன். பக்கத்துக் கூடாரத்தில் டார்ச் எரிந்தது. யாராவது போலீஸைக் கூப்பிடுவார்களோ என்று உன் வாயைப் பொத்தினேன். அடித்ததைவிட அதுதான் இப்போது உறுத்துகிறது. அப்புறம் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தேன். தாழ்ப்பாள் போட்ட சத்தத்தில் மறுபடியும் அந்த டார்ச். நீ அழாமல் நின்றாய்.

மன்னித்துவிடு. ஆனால் கரடி நிஜம்டா, அது நான் கட்டிய கதை இல்லை. கரடிக்குப் பயந்துதான் அடித்தேன் என்று பதினொரு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அந்த மிட்டாயை நீ எனக்காக ஒளித்து வைத்திருந்தாலும் அடித்திருப்பேனா? தெரியவில்லை.

"அந்த ட்ரிப்ல நீ அடிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்று போனில் சொன்னாயே, அதையும் நான் மறக்கவில்லை. அத்தனை படி ஏறியது ஞாபகமில்லையா? காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும், கண் சிமிட்டுவதற்குள் தீர்ந்துவிடும். லேப்டாப் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்தது யார்? அப்போதெல்லாம் அவருக்கு ஒரு சனி ஞாயிறுகூட... சரி, வேண்டாம். சித்தி படிப்பாள்.

முளைகளில் ஒன்று வளைந்திருக்கும், கல்லால் தட்டினால் நேராகிவிடும். மேல்விரிப்பின் ஜிப்பைக் கீழிருந்து இழு. ஜூன் என்றாலும் ராத்திரி குளிரும், அவருக்கும் ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளச் சொல். பைக்குள் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் கொடு. படுக்கும் முன் மட்டும் பெட்டிக்குள் வைத்துவிடு.

அம்மா