எஸ்டிமேட்டில் ஒரு வரி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஊருணிகளில் பிளாஸ்டிக் மிதப்பதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஓட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி ஊரையே அமைத்தவர்கள் நம் முன்னோர். இன்று முதல் மழைக்கு அந்த வாய்க்காலில் பால் கவரும் கேரி பேக்கும்தான் வருகின்றன. மக்கள் பழக்கம் மாற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து காலமெல்லாம் சாலைக்கும் கட்டடத்துக்கும் எஸ்டிமேட் போட்டவன் நான். எனக்குக் கண்ணில் படுவது வேறு: அரசு வேலைகளின் எஸ்டிமேட்டில் பிளாஸ்டிக் கழிவைச் சேர்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

சென்ற மாதம் ஒரு விசேஷத்துக்காகத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஊராட்சியின் குப்பை பிரிக்கும் கொட்டகையில் சுவரோரமாக உத்தரம் வரை சாக்கு அடுக்கியிருந்தது. எல்லாம் கழுவிக் காயவைத்த பால் கவர், கேரி பேக். மூலையில் பிளாஸ்டிக் அரைக்கிற இயந்திரம், பெல்ட்டில் சிலந்தி வலையோடு நின்றது. அங்கிருந்த தூய்மைக் காவலர் அம்மா, "நாங்க பிரிச்சுக் கட்டித்தான் வச்சிருக்கோம்யா. வாங்கத்தான் யாரும் வரமாட்டேங்கிறாக" என்றார். கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் புதுத் தார்ச்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசுப் பணம்தான். இதில் பிளாஸ்டிக் சேர்க்கிறீர்களா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "எஸ்டிமேட்ல இல்லைங்க சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எஸ்டிமேட்டில் இல்லாததைப் போட்டால், செய்த வேலையை அளந்து எழுதுகிற எம்-புக்கில் ஏறாது, பில்லும் வராது.

இத்தனைக்கும் தார்ச்சாலையில் பிளாஸ்டிக் சேர்க்கிற இந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்தோ வந்ததில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்தது; 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்முறையும் எளிது. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அரைத்த பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் சில நொடிகளில் உருகி, ஒவ்வொரு கல்லிலும் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அப்புறம்தான் தார் சேர்ப்பார்கள். சாலையில் குழி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம், கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து இரண்டையும் பிரிப்பதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தோல் தண்ணீரைப் புகவிடாது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-லேயே வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டன்னுக்குப் பக்கமாகப் பிளாஸ்டிக் உள்ளே போகும். நான் பார்த்த கொட்டகையே காலியாகிவிடும்.

பின் ஏன் நடக்கவில்லை? 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், சாலை போடப் பிளாஸ்டிக் கழிவைப் பயன்படுத்துவதை உள்ளாட்சி அமைப்புகள் "ஊக்குவிக்க வேண்டும்" என்றுதான் இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஊக்குவிப்பு என்றால் ஒரு சுற்றறிக்கையோடு முடிந்துவிடும். அதே 2016-ல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளைப் பாருங்கள். அரசு, நகராட்சி ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை அந்தக் கழிவிலிருந்து செய்த பொருட்களை வாங்க வேண்டும் என்று அளவு சொல்லியே எழுதினார்கள். பேக்கேஜிங் செய்கிற கம்பெனிகளுக்கும் அப்படித்தான்: கெட்டியான பிளாஸ்டிக்கில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. ஷாம்பு பாட்டில் செய்கிறவருக்கு உள்ள கட்டாயம், நம் வரிப்பணத்தில் கட்டுமானம் செய்கிற அரசுத் துறைகளுக்கும் வேண்டாமா?

இதில் எனக்குப் பயங்களும் உண்டு, மறைக்கவில்லை. விசேஷங்களுக்குக் கட்டுகிற பிளெக்ஸ் பேனர் பி.வி.சி. என்கிற வகைப் பிளாஸ்டிக். அதைச் சூடாக்கினால் நச்சு வாயு வரும். கலவை ஆலைக்குள் ஒரு துண்டுகூடப் போகக் கூடாது. குடிநீர்க் குழாய்க்கும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் வேண்டாம். பிளாஸ்டிக் கலந்த பேவர் பிளாக்கை, வெயிலில் தேய்ந்து பொடி உதிர்கிறதா என்று சோதிக்காமல் தெருவெல்லாம் பதிக்கக் கூடாது. அந்தப் பொடியும் கடைசியில் ஊருணிக்குத்தானே போகும்? ஆனால் தார்ச்சாலை, சுவருக்குள் வயர் போகிற குழாய், கழிவறைக் கதவு, பூங்கா பெஞ்சு ஆகியவற்றில் குறைந்தபட்சச் சதவீதத்தைத் தைரியமாக நிர்ணயிக்கலாம். அதை, எஸ்டிமேட்டுக்கு அடிப்படையான அரசு விலைப் பட்டியலான ரேட் ஷெட்யூலில் விலையோடு ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எஸ்டிமேட் போடுகிறவர் கை நகராது.

பழசைக் கட்டடத்தில் போடுவதா என்று நம் ஊர்க்காரர் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் ஒரு வீட்டை இடித்தால், பர்மா தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, இன்னொரு வீட்டின் முகப்பில் போய் நிற்கும். என் அப்பச்சி வீட்டுத் தளத்தில், இடித்த செங்கல்லைத் தட்டிச் சுண்ணாம்போடு சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். அந்தத் தளத்தில் படுத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கெல்லாம் சாலையும் வடிகாலும் போட்டாக வேண்டும். அந்த எஸ்டிமேட்டுகள் கையெழுத்தாவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி, மாநகராட்சியையும் ஊரக வளர்ச்சித் துறையையும் உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். கொட்டகையில் அந்த அம்மா கட்டிவைத்த சாக்குகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர்,
காரைக்குடி.