2024–25 ஆண்டறிக்கை: ஐப்பசிக்கு முன் வீடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஆச்சிமார்களே, வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான செயல் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சந்தா, வைப்புத்தொகை, தணிக்கை ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றிய மனுக்கள் கோப்பில் இருக்கின்றன. இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் பெரும்பாலும் ஒரே வேலைக்குப் போயிற்று: புயல் மழைக்கு நம் செட்டிநாட்டு ஓட்டு வீடுகளைத் தயார் செய்வது. அதனால் இந்த அறிக்கையும் அதைப் பற்றியதே.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நமக்கு அது தள்ளிப்போன புயல். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா அப்படித் தள்ளிப் போகவில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஏறி, புதுக்கோட்டைச் சீமையைப் புரட்டிவிட்டு மேற்கே போயிற்று. ‘கடல் எங்கே, நாம் எங்கே’ என்ற பேச்சு அன்றோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

நம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைப் பார்த்து வந்தவர்கள், அதனால்தான் வீட்டை இத்தனை படி உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. காரணம் எதுவானாலும், தெருவெள்ளம் படியேறி முகப்புக்குள் வருவது நம் ஊரில் அபூர்வம். நமக்கு வெள்ளம் ஓட்டிலிருந்து முற்றத்துக்கு இறங்குகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 2,000 சதுர அடிக் கூரை முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருந்தால், 10 செ.மீ. மழைக்கு 18,500 லிட்டருக்கு மேல் வந்து விழும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்றரை லாரி. அவ்வளவும் ஒரு சலதாரை, அதாவது முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகும் தூம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

அந்தத் தூம்பைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பூட்டிய வீடுகளைத் திறந்து பார்த்தபோது கிடைத்தவை: புறாக்கூடு, ஓட்டுச் சில்லு, பழைய மராமத்தில் கழுவிவிட்ட சிமெண்டுப் பால் இறுகிய கட்டி. இவையெல்லாம் எடுத்துவிடக் கூடியவை. எடுக்க முடியாதது தெரு. ரோட்டின்மேல் ரோடு போட்டு உயர்ந்ததில், பல வீடுகளின் தூம்பு வாய் இப்போது தெரு மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பெருமழையில் அது நீரை வெளியே விடாது, சாக்கடையை உள்ளே விடும்.

சோதிக்கும் முறை சுலபம். முற்றத்தில் பத்துக் குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஒருவர் தெருவில் நின்று வெளிவாயைப் பார்க்கட்டும். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கினால் சரி. விளிம்பில் தேங்கி, குமிழி விட்டுக்கொண்டு மெதுவாகப் போனால் உள்ளே அடைப்பு. மூங்கில் பிளாச்சை முற்றத்துப் பக்கமிருந்து குத்தக் கூடாது, குப்பை வளைவில் போய் இறுகிவிடும். தெருப் பக்கமிருந்து குத்தி, உள்ளிருந்து தண்ணீர் விட வேண்டும். ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்புக் காரை கரையும். வாய்க்குத் தட்டையான கம்பிவலை வைத்தால் நாலு வேப்பிலையில் மூடிக்கொள்ளும். கவிழ்த்த கிண்ணம் போல் வளைந்த சல்லடை வைத்தால் இலை ஓரத்தில் ஒதுங்கும், மேல்வழியே நீர் போகும். தெரு உயர்ந்துவிட்ட வீடுகளுக்கு ஒரே வழி, முற்றத்தின் மூலையில் சிறு தொட்டி எடுத்துப் பம்பு வைப்பது. ஆனால் புயலன்று கரண்ட் இருக்காது. மின் மோட்டாரை நம்பியவர்களுக்காகத்தான் சங்கம் டீசல் பம்பு ஒன்று வாங்கியிருக்கிறது.

அடுத்து ஓடு. காற்று ஓட்டை அழுத்தி உடைப்பதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. வேகம் 60 கி.மீ.யிலிருந்து 120 ஆனால் விசை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. முதலில் கிளம்புவது கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்து வரிசையும் முகட்டை ஒட்டிய வரிசையும் மூலைகளும். மங்களூர் ஓட்டின் அடிக்காதில் கம்பி கோக்கத் துளை இருக்கும். அந்த வரிசைகளையாவது துத்தநாகம் பூசிய கம்பியால், ஓடு தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு முறுக்கிக் கட்டுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி இரண்டு மழையில் துருப்பிடித்து அறும். நாட்டு ஓட்டில் கட்ட இடமில்லை. இறவாரத்தையும் முகட்டையும் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பதுதான் பிடிப்பு. அங்கே சிமெண்டு வைக்கச் சொல்லும் கொத்தனாரை நிறுத்துங்கள். சிமெண்டு மூச்சு விடாது, அடியில் ஈரம் தங்கி, கூரையைத் தாங்கும் கைமரம் உளுத்துப்போகும். சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமெண்டு ஒட்டுப்போட்டாலும் இதே கதைதான். ஒரு மழைக்காலத்தில் ஒட்டைச் சுற்றிப் பூச்சு உப்பிக் கழன்றுவிடும்.

இரண்டு சரிவு சேரும் கூடல்வாய்த் தகரத்தில் இலை மட்கிக் கிடந்தால், மழை தகரத்தின் விளிம்பைத் தாண்டி உத்தரத்துக்குள் இறங்கும். கீழிருந்து பார்த்தால் ஓடு ஒழுகுவது போலவே தெரியும். நல்ல ஓட்டையெல்லாம் மாற்றிப் பணத்தைக் கரைப்பதற்குமுன் கூடல்வாயைக் கூட்டிப் பாருங்கள். குரங்கு நகர்த்திய ஓட்டைச் சரிசெய்ய ஏறுகிறவர், ஏணியைப் படுக்கவைத்து அதன்மேல் நடக்க வேண்டும். வெறுங்காலால் நடந்தால் பத்தைச் சரிசெய்து இருபதை உடைத்து வருவார். மாற்று ஓடு நூறாவது பின்கட்டில் அடுக்கி வையுங்கள். பழைய அளவு ஓடு புயலுக்கு மறுநாள் எந்த விலைக்கும் கிடைக்காது.

தார்ப்பாய் பற்றி ஒரு எச்சரிக்கை. சங்கத்தில் இருப்பது சதுர மீட்டருக்கு 200 கிராம் (200 ஜிஎஸ்எம்) எடையுள்ள சில்பாலின் என்ற பிளாஸ்டிக் பாய். ஓட்டின்மேல் விரித்துக் கல் வைத்தால், காற்று பாயைத் தூக்கும்போது கல் உருண்டு ஓட்டை உடைக்கும். முகட்டின் இருபுறமும் தொங்குமாறு விரித்து, இரண்டு ஓரத்திலும் மணல் மூட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை உத்தரத்திலோ ஜன்னல் கம்பியிலோ கட்ட வேண்டும்.

இனிப் பலரும் தவறாகச் செய்யும் ஒன்று. புயல் கிழக்கிலிருந்து வருகிறது என்பதால் கிழக்கு ஜன்னல்களை மட்டும் அடைக்கிறார்கள். புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கஜா போல மையம் நமக்கு வடக்கே கடந்தால், காற்று முதலில் வடமேற்கிலிருந்து அடித்து, மேற்கே திரும்பி, தென்மேற்கில் முடியும். அடைக்க வேண்டியது பின்கட்டும் மேற்கு ஜன்னல்களும். மையம் தெற்கே கடந்தால் வடகிழக்கு, கிழக்கு. ஆகவே எல்லாக் கதவுக்கும் குறுக்குக் கட்டை வேண்டும், கொண்டியை நம்ப வேண்டாம். மேல்மாடி வண்ணக் கண்ணாடிகளில் டேப் ஒட்டுவது வெறும் சடங்கு; வெளிப்புறம் 12 மி.மீ. பிளைவுட் பலகையைத் திருகாணியில் பொருத்துவதே காவல். பலகையை ஆவணியிலேயே அளவெடுத்து அறுத்து, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி வையுங்கள்.

ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் பொதுவாக 12 முதல் 20 செ.மீ. வரை மிகக் கனமழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். சிவப்பு வந்த பிறகு ஓடு மேய ஆள் கிடைக்காது. அன்று செய்யக் கூடியவை சில்லறை வேலைகள்தாம்: மாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள்; 1,000 லிட்டர் நிறைந்த தொட்டி ஒரு டன், காலித் தொட்டி பறக்கும். டிஷ் ஆண்டெனாவைக் கழற்றுங்கள். தென்னையின் காய்ந்த மட்டை, குலைகளை இறக்குங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை இரண்டடி உயர்த்துங்கள். பூட்டிய வீடானால் மெயினை அணைத்து, கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வாருங்கள். மரக்கேசிங் வயரிங் (மரப்பட்டைக்குள் ஓடும் பழைய மின்கம்பி) உள்ள வீடுகளில் மழை நின்றவுடன் மெயினைப் போடக் கூடாது. எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான். அறுந்த கம்பிக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, மற்றவற்றுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

தொண்டிப் பக்கம் வீடு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு: மேலே சொன்னது அங்கே போதாது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், காற்று தள்ளினால் நீர் சட்டென்று உயரும். மணல் மூட்டை அடுக்கி வீட்டைக் காக்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல், சொன்னவுடன் முகாமுக்குப் போய்விட வேண்டும். மூட்டை அடுக்குவது வாசலில் மழைத் தண்ணீரைத் தடுக்க மட்டுமே. அதையும் முக்கால் அளவுக்குக் குறைவாக நிரப்பி, செங்கல் கட்டுப்போல் மூட்டு மாற்றி மிதித்து அடுக்கினால்தான் இடுக்கு அடையும்.

மழைக்குப் பின் கிணறு. கலங்கலை இறைத்து, ஊறவிட்டு, பிறகு பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். ஒன்றரை மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 5,300 லிட்டர். 13 கிராம் போதும். ஒரு பாக்கெட்டையே கொட்டிவிட்டுக் குடிக்க முடியவில்லை என்பவர்கள் உண்டு. வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். திறந்து வைத்த பழைய பவுடருக்கு வீரியம் இராது. ஆத்தங்குடித் தரைக்கல்லில் சேறு படிந்தால் காயுமுன் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அது சிமெண்டுக் கல், ஆசிட் பட்டால் பூவேலை போய்விடும்.

மனத்தாங்கலான ஒன்றையும் பதிவு செய்கிறேன். மோசமாக இருந்த வீடுகளில் பணமில்லாத வீடு குறைவு, பங்கு பல ஆன வீடுகளே அதிகம். பத்துப் பங்காளிகளும் சம்மதித்து ஒரு கூடல்வாய்த் தகரம் மாற்றுவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடுகிறது. ஆகவே செயற்குழு இத்தீர்மானத்தை முன்மொழிகிறது: ஒவ்வொரு பங்கு வீட்டுக்கும் ஊரிலேயே இருக்கும் ஒருவரைச் சாவிக்கும் அவசரச் செலவுக்கும் பொறுப்பாளராக எழுதித் தருவது, யாரையும் கேட்காமல் அவர் செலவழிக்கக் கூடிய தொகையைப் பங்காளிகளே முடிவு செய்து அதில் குறிப்பது. படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. ஆடி 30க்குள் தர வேண்டும்.

பம்பு, சில்பாலின், 20 அடி ஏணி ஆகியவை சங்கக் கட்டடத்தில் உள்ளன. வாடகை இல்லை, டீசல் உங்களுடையது. பாயைக் காயவைத்துத் திருப்பித் தரவும், ஈரத்தோடு மடித்துத் தந்த இரண்டு பாய்கள் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டன.

இப்படிக்கு,
செயலாளர்