ஒன்பது தாள் விலக்கு: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு சென்னையில் பி.காம். சேர்க்கை சூடுபிடித்துவிடும். கூடவே, 'பி.காம். படித்தால் ஏ.சி.சி.ஏ.வில் 9 தாள்களுக்கு விலக்கு' என்ற விளம்பரங்களும் வந்துவிடும். ஏ.சி.சி.ஏ. என்பது சர்வதேசக் கணக்காளர் தொழில் தகுதித் தேர்வு; விலக்கு என்றால் ஒரு தாளை எழுதாமலே தேறியதாகக் கொள்வது. விலக்கு உண்டு, பொய்யில்லை. ஆனால் அது எல்லா பி.காம்.முக்கும் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் அதற்குத் தனிச் செலவு உண்டு.

பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.சி.சி.ஏ.வில் மொத்தம் 13 தாள்கள். முதல் நிலையில் 3, அடுத்ததில் 6, கடைசி நிலையில் 4. விலக்கு முதல் இரண்டு நிலைகளுக்கு மட்டும்தான். ஆகவே 9 என்பதே உச்சவரம்பு. கடைசி நான்கை இந்தியப் பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வை முடித்தவரும் எழுதித்தான் ஆக வேண்டும். முழு ஒன்பதும் கிடைப்பது சி.ஏ. தேறியவர்களுக்கும், ஏ.சி.சி.ஏ. பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பை முடித்தவர்களுக்கும்தான். சாதாரண பி.காம். என்றால் பெரும்பாலும் நான்கோடு நின்றுவிடும். அங்கீகாரம் என்பது கல்லூரிப் பெயருக்குக் கிடைப்பதல்ல. குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கும் தேறிய ஆண்டுக்கும் கிடைப்பது. அதே வளாகத்தில் பக்கத்து வகுப்பில் படிப்பவருக்கு அது பொருந்தாமல் போகலாம். ஏ.சி.சி.ஏ. இணையதளத்திலேயே நாடு, கல்லூரி, படிப்பு, ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. சேர்க்கை மேசையில் சொல்வதை அதில் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும்.

விலக்கு இலவசமும் இல்லை. விலக்கு பெறும் ஒவ்வொரு தாளுக்கும் பவுண்டில் கட்டணம் உண்டு. பதிவுக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் தனி. கல்லூரி சொல்லும் கட்டணத்தில் இவை அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் படிப்பில் இருக்கிறது. இரண்டாம் நிலையின் நிதி அறிக்கைத் தாளில் விலக்கு பெற்றவர், கடைசி நிலையின் நிதி அறிக்கைத் தாளில் குழும நிறுவனங்களின் ஒருங்கிணைந்த கணக்கை சர்வதேசத் தரநிலைப்படி போட வேண்டும். கீழ்த்தாளை எழுதாததால் அந்தப் பயிற்சி அவரிடம் இருக்காது. வரித்தாள் இன்னும் மோசம். இந்திய வருமான வரியைப் படித்து விலக்கு பெற்றவர், கடைசி நிலையில் உயர்நிலை வரித்தாளைத் தேர்ந்தெடுத்தால், படித்தே இராத பிரிட்டன் வரிச் சட்டத்தின் மேல்மாடியில் நேராகப் போய் நிற்பார். தேறும் மதிப்பெண் 50தான் என்றாலும் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடைசி நிலையில் முதல் தாளைத் தேறியதிலிருந்து, மீதித் தாள்களை முடிக்க ஏழு ஆண்டுக் கெடு வேறு ஓடத் தொடங்கும். விலக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து அந்தத் தாளை எழுதவும் விதி இடம் தருகிறது. அடித்தளம் ஆட்டம் காணும் பாடத்தில் அப்படிச் செய்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. எல்லாத் தாளும் முடிந்தாலும் 36 மாத வேலை அனுபவமும் நெறிமுறைப் பயிற்சியும் சேர்ந்தால்தான் உறுப்பினராக முடியும்.

தாள் விலக்கு வேறு, இந்தியாவில் தொழில் செய்யும் அங்கீகாரம் வேறு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 141-ஆம் பிரிவுப்படி இந்தியாவில் ஒரு கம்பெனியின் தணிக்கையாளராக இருக்கத் தகுதி உள்ளவர் தொழில் உரிமச் சான்றுள்ள சி.ஏ. மட்டுமே. ஏ.சி.சி.ஏ. முடித்தவர் பழைய மகாபலிபுரம் சாலையில் பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நல்ல வேலையில் சேரலாம். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. வெளிநாட்டுத் தகுதியை எந்த நிபந்தனையில் ஏற்பது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சி.ஏ. கழகத்தின் ஆட்சி மன்றத்துக்குத் தந்திருக்கிறது. தங்கள் கழகத்தில் நம்மவர்களை உறுப்பினராகச் சேர விடாத நாட்டவருக்கு இங்கும் கதவடைக்கும் விதியும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

இங்கிலாந்து-வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகத்தோடு சி.ஏ. கழகம் 2008-இல் தகுதிகளை ஏற்பது குறித்துச் செய்த உடன்பாடு போன்றவை இந்திய சி.ஏ. உறுப்பினர்களுக்கானவை, பாதியில் நிற்கும் மாணவர்களுக்கு அல்ல. ஒரு கழகத்தில் உடன்பாட்டின் வழியே உறுப்பினராகி, அதைக் காட்டி மூன்றாவது நாட்டுக் கழகத்தில் சலுகை கேட்கும் சுற்றுவழியையும் பல உடன்பாடுகள் அடைத்துவிடுகின்றன. தேர்வு எழுதிப் பெற்ற மூலத் தகுதியைத்தான் அவை பார்க்கும்.

அமெரிக்காவின் கணக்காளர் உரிமத் தேர்வான சி.பி.ஏ.வில் தாள் விலக்கே கிடையாது, இந்திய சி.ஏ.வும் நான்கு பகுதிகளையும் எழுத வேண்டும். சி.எம்.ஏ. என்ற பெயரில் இரண்டு தகுதிகள் உண்டு; எது என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்கத் தேர்வு இரண்டு பகுதிகள். நம் நாட்டுச் செலவுக் கணக்காளர் கழகத்தின் சி.எம்.ஏ. மூன்று நிலைகளில் 20 தாள்கள். கம்பெனியின் செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் செலவுத் தணிக்கை செய்யும் உரிமை இரண்டாமவருக்கே.

விளம்பரங்கள் பேசாத ஒரு விலக்கும் உண்டு. பி.காம். படிப்பில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. அடிப்படைத் தேர்வு எழுதாமலே நேராக இடைநிலையில் சேரலாம். வணிகவியல் அல்லாத பட்டதாரிக்கு 60 சதவீதம்.

கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் விளம்பரத்தில் 9 என்று அச்சிடும் அதே எழுத்தளவில், மீதமுள்ள தாள்கள், விலக்குக் கட்டணம், அங்கீகாரம் எந்த ஆண்டு வரை, இந்தியாவில் கையெழுத்து உரிமை உண்டா என்ற நான்கையும் அச்சிட உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும். தங்கள் நாளிதழும் கல்வி விளம்பரங்களை ஏற்கும்போது இந்த நான்கையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறோம்.

வணிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
நுங்கம்பாக்கம், சென்னை-34.